காய்ச்சலை மறைக்காதீர்கள், கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்

(திருகோணமலையில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் நாங்களும், 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் இன்று ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். மலையில் கொழுந்து பறித்தாலும், துறைமுகப் பக்கம் நாட்கூலிக்குப் போனாலும், போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. இன்று நாம் பேசப்போகிற விஷயம் அந்த ஒரு நாள் சம்பளத்தோடும் சம்பந்தப்பட்டது.

கொரோனா முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். 2023 மே 5 ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் அவசரநிலையைத்தான் முடித்தது. வைரஸ் இன்னும் இருக்கிறது. தடிமன், காய்ச்சல் மாதிரி வந்து போகிறது. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவருக்கு வந்தால், அதை அப்படியே விட்டுவிட முடியாது.

2021 இல் டெல்டா பரவியபோது நம் நாட்டிலும் கர்ப்பிணித் தாய்மாரை இழந்தோம். அந்த ஜூன் மாதம்தான் இங்கே கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அப்போது நாம் மூச்சுத்திணறலுக்கே பயந்தோம். வைத்தியர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். தொற்று வந்த கர்ப்பிணிகளுக்குப் பிரஷர் நோய் கூடுதலாக வந்தது. பிரீஎக்லாம்ப்சியா என்று அதற்குப் பெயர். பல நாடுகளின் 28 ஆய்வுகளில் இருந்த ஏறக்குறைய 7 இலட்சத்து 90 ஆயிரம் கர்ப்பிணிகளின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். தொற்று வராத 100 பேரில் சுமார் 5 பேருக்கு இந்த நோய். தொற்று வந்த 100 பேரில் 7 பேருக்கு. அறிகுறியே இல்லாமல் தொற்று வந்தவர்களிடமும் இந்தக் கூடுதல் தெரிந்தது.

"இரண்டு பேர்தானே" என்று சொல்லலாம். அந்த இரண்டு பேரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைகள். பிரஷர் ஏறினால் வலிப்பு வரலாம், மூளையில் இரத்தம் கசியலாம், குழந்தை வளராமல் போகலாம், மாதம் நிரம்பு முன் பிறக்கலாம். இந்த நோயில் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது, தாயின் இரத்தக்குழாய்களின் உட்புறம் கெடுகிறது. கொரோனா வைரஸும் இரத்தக்குழாய்களையே பாதிக்கிறது. அதனால்தான் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள்.

இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது. பட்டி கட்டிப் பிரஷர் பார்த்தால்தான் தெரியும். ஐந்து மாதத்துக்குப் பிறகு 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனம் தேவை. சிறுநீரையும் சோதிப்பார்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், மூச்சு முட்டுதல்: இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு.

காய்ச்சல் வந்தால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். தனிமைப்படுத்தல் காலத்தில் பட்ட கஷ்டத்தில், காய்ச்சலை மறைக்கும் பழக்கம் நமக்குள் வந்துவிட்டது. அவர் உங்களைக் காட்டிக்கொடுக்க வருபவர் அல்ல. தொற்று வந்தது தெரிந்தால் பிரஷரை அடிக்கடி பார்ப்பார், தேவைப்பட்டால் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார். ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு வைத்தியர் முன்கூட்டியே சிறிய அளவில் அஸ்பிரின் கொடுப்பதுண்டு. அதை நாமாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது.

இவ்வளவும் தெரிந்தும் நம் பெண்கள் கிளினிக்குக்கு ஏன் போவதில்லை? போனால் அன்றைய பெயர் போய்விடும். அரைப்பெயர் கிடைத்தாலும் வீட்டில் அரிசிக்குத் துண்டு விழும். அந்தத் தாயைக் குறை சொல்லி என்ன பயன்? 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டத்தை 2018 இல் திருத்தி, எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம் சம்பளத்தோடு லீவு என்று ஆக்கினார்கள். ஆனால் பிரஷர் பார்க்க வேண்டியது அந்த லீவுக்கு முந்திய மாதங்களில். ஆகவே நாம் கேட்பது இதுதான்: கிளினிக் அட்டையில் திகதி இருந்தால், அந்த நாளுக்கு முழுப் பெயர் போட வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு லயத்திலும், ஒவ்வொரு தெருவிலும் கர்ப்பிணிகள் யார், அவர்களின் கிளினிக் நாள் எது என்று மாதர் குழு எழுதி வைக்கட்டும். அன்று மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் துணைக்குப் போகவும் ஆள் இருக்கட்டும். கணவன்மாரே, இது உங்கள் வேலையும்தான்.