‘முடியாது’ என்று எழுதும் முன்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் நெகிழிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். “சார், பல் டாக்டர் என் பல்லில் பசை மாதிரி வைத்து நீல வெளிச்சம் காட்டினார். உடனே கல்லாகிவிட்டது. அதைத் திரும்பக் கரைக்க முடியுமா?”

“முடியாது. இறுகும் நெகிழியை மறுசுழற்சி செய்யவே முடியாது” என்றேன். கரும்பலகையிலும் எழுதினேன்.

என் விடை பாதிதான் சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பசை, ஒளியால் இறுகும் பிசின். முப்பரிமாண அச்சிலும் இவ்வகைப் பிசின் பயன்படுகிறது. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஒளி பட்டதும் மூலக்கூறுகள் கார்பன் பிணைப்புகளால் வலையாகப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலையைப் பிரிப்பது மிகக் கடினம்.

2024இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வேறொரு வழியை வெளியிட்டார்கள். நம் உடலிலும் உள்ள லிப்போயிக் அமிலத்தை, புதினாவில் உள்ள மெந்தாலுடனும், மாவுச்சத்திலிருந்து பெறும் ஐசோசார்பைடுடனும் இணைத்துப் பிசின் செய்தார்கள். அச்சிட்ட பொருளைப் பிரித்து, மீண்டும் பிசினாக்கி, மறுபடியும் அச்சிட்டார்கள்.

இதை வகுப்பில் விளக்க ஒரு செயல்பாடு போதும். ஒவ்வொரு குழந்தையும் தன் இரு கைகளையும் கோத்து நிற்கட்டும். லிப்போயிக் அமிலத்தில் இரண்டு கந்தக அணுக்கள் இப்படித்தான் இணைந்து வளையமாக உள்ளன. டார்ச் அடித்ததும் கையை விடுவித்துப் பக்கத்துப் பிள்ளைகளின் கைகளைப் பிடிக்கட்டும், சங்கிலி உருவாகும். ஐசோசார்பைடில் இரு வளையங்கள் சேர்வதால் சங்கிலிகள் குறுக்கே இணைந்து வலையாகும். அடுத்து “வெப்பம், வினையூக்கி!” என்று சொல்லுங்கள். எல்லோரும் கையை விட்டுத் தம் கைகளையே மீண்டும் கோத்துக்கொள்வார்கள். கந்தகப் பிணைப்பு விட்டுப் பிடிக்கக்கூடியது. சூட்சுமம் அதில்தான்.

பல் மருத்துவரின் பிசின் இன்னும் பழைய வகைதான். ஆனால் ‘செய்யவே முடியாது’ என்று நான் எழுதியது தவறு. மறுவாரம் அந்த மாணவியிடம் அதைச் சொன்னேன். “அப்போ கையை விடத் தெரிந்த பிசினையே பல்லுக்கும் செய்யலாமே சார்?” என்றாள். “வாய்க்குள் இருக்கும்போது கையை விட்டுவிட்டால்?” என்று இன்னொரு பையன் கேட்டான். அன்றைய பாடத்தை அவர்களே நடத்தினார்கள்.

நண்பர்களே, கரும்பலகையில் ‘முடியாது’ என்று எழுதும்போது, முன்னால் ‘இப்போதைக்கு’ என்று ஒரு சொல் சேர்ப்போம். மீதியைக் குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள்.