கடைத் திருட்டு: தண்டிக்கும் கூட்டத்தில் நாம் எங்கே நிற்கிறோம்?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடைத் திருட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் ஒருவர் தயங்கினார். "ஆணவக் கொலைகளும் வன்கொடுமைகளும் நடந்துகொண்டிருக்கும்போது, சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு எடுத்தவரைப் பற்றி நாம் பேச வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில் இது: வழக்கு, வாதம், தீர்ப்பு எதுவும் இல்லாமல் ஒரு மனிதரை எல்லோர் கண்முன்னும் தண்டிக்க முடிகிற இடங்களில் கடையும் ஒன்று. அங்கே யார் தண்டிக்கப்படுகிறார் என்பதில் சாதிக்குப் பெரும் பங்கு உண்டு. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நாமும் இருக்கிறோம்.

திருட்டு நடப்பதற்கு முன்னால் நடப்பதிலிருந்து தொடங்குவோம்.

என் முனைவர் பட்ட ஆய்வு, ஜவுளிக்கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. "யார் மேல் கண் வைக்கச் சொல்கிறார்கள்?" என்று அவர்களிடம் கேட்பேன். பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். நாலைந்து பேராக வரும் பெண்கள். கைக்குழந்தையோடு வருபவர்கள். பெரிய துணிப்பை வைத்திருப்பவர்கள். கசங்கின சேலை, வெறுங்கால். "பார்த்தாலே தெரிஞ்சிடும்க்கா" என்பார்கள். பார்த்தால் என்ன தெரிகிறது? நிறமும் உடுப்பும் பேச்சும் தெரிகின்றன. அவற்றை வைத்து ஒரு சாதியை ஊகித்துக்கொள்கிறோம். காரில் வந்து இறங்குபவரின் பின்னால் யாரும் நடப்பதில்லை. அதனால் அவர் எதையாவது எடுத்தாலும் பிடிபடுவதில்லை. யாரைக் கவனிக்கிறோமோ அவர்தான் பிடிபடுவார். பிறகு பிடிபட்டவர்களை எண்ணிப் பார்த்து, "பார்த்தீர்களா, இவர்கள்தான் திருடுகிறார்கள்" என்று முடிவு கட்டுகிறோம்.

இந்தப் பார்வைக்குச் சட்டமே உருவம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1871-இல் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்றது அந்தச் சட்டம். கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் போலீசிடம் ஆஜராக வேண்டும், ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ற மக்கள் சுடப்பட்டதை நீங்கள் படித்திருப்பீர்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீக்கப்பட்டது, நாடு முழுக்க 1952-இல் நீக்கப்பட்டது. ஆனால் 1948-லேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறியது, காவல் நிலையத்தின் பார்வை மாறவில்லை.

2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம், சிறைக் கையேடுகளில் இருந்த சாதிப் பாகுபாட்டு விதிகளை ரத்து செய்தது. சீர்மரபினரைப் பிறப்பை வைத்துப் பழக்கக் குற்றவாளிகளாக நடத்துவதும் அதில் அடங்கும். அப்படியானால் சுதந்திரம் வந்து 77 ஆண்டுகள் அந்த விதிகள் அச்சில் இருந்திருக்கின்றன. தீபாவளி நெருக்கடியில் தி.நகரில் முகத்தை அடையாளம் காணும் கேமராக்கள் வைக்கப்படுகின்றன. அந்தக் கேமரா யாருடைய முகத்தைத் தேடும்? ஏற்கெனவே போலீஸ் பட்டியலில் இருக்கும் முகத்தை. அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது என்று கேமராவுக்குத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

இந்தப் பார்வை எதுவரை போகும் என்பதற்கு அட்டப்பாடி மதுவின் கதை போதும். கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22 அன்று, கடைகளில் அரிசியும் மளிகைச் சாமான்களும் திருடினார் என்று சொல்லி ஒரு கும்பல் காட்டுக்குள் போய் மது என்ற பழங்குடி இளைஞரைப் பிடித்தது. கைகளைக் கட்டி, அடித்து, முக்காலி என்ற இடத்துக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். நடுவில் செல்ஃபியும் எடுத்தார்கள். போலீஸ் வண்டியில் கொண்டு போகும் வழியிலேயே மது இறந்தார். வழக்கில் 20-க்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு ஏழாண்டு சிறை. ஐந்தாண்டுகள் வழக்கை விடாமல் பிடித்து நடத்தியது அவருடைய தாயும் சகோதரியும்தான்.

அந்த செல்ஃபியைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். எடுத்தவருக்குத் தான் ஒரு குற்றம் செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணமே இல்லை. திருடனைப் பிடித்த பெருமை இருந்திருக்கிறது. நம் வாட்ஸப் குழுக்களில் "இந்தப் பெண்களைப் பார்த்தால் உடனே தகவல் கொடுங்கள்" என்று சிசிடிவி படம் வரும்போது, அதை ஐந்து குழுக்களுக்கு அனுப்புகிற கையில் இருப்பதும் அதே பெருமைதான். அளவு வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 303(2) பிரிவின்படி, திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டுமே. நல்ல மாற்றம்தான். ஆனால் பக்கத்திலேயே 305-ஆவது பிரிவு இருக்கிறது. வீட்டிலோ, பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலோ திருடினால் ஏழாண்டு வரை சிறை. கடை என்பது பொருள் வைக்கும் கட்டடம்தானே? 300 ரூபாய் பொருளுக்குச் சமூக சேவையா, ஜாமீன் இல்லாத வழக்கா என்பது எந்தப் பிரிவை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை எழுதும் மேசைக்கு முன்னால் வக்கீலோடு வருபவரும், கைநாட்டு வைக்கும் பெண்ணும் ஒன்றல்ல.

இன்னொன்று. ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண்முன்னே செய்தவரைத்தான் போலீஸ் அல்லாத ஒருவர் பிடித்து வைக்கலாம். அப்படிப் பிடித்தாலும் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ஸ்டோர் ரூமில் உட்கார வைத்து மிரட்டுவதற்கும், உடம்பைத் தடவிச் சோதிப்பதற்கும், பத்து மடங்கு பணம் கேட்பதற்கும், மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டுவதற்கும் எந்தக் கடைக்கும் அதிகாரம் இல்லை. சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. சாக்லேட் எடுத்த பையனின் வீடியோவைப் போடுகிறவர் இதை நினைவில் வைக்கட்டும்.

இங்கே சில இளம் தோழர்கள் வேறொரு கேள்வி கேட்பார்கள். "கோடிக்கணக்கில் லாபம் பார்க்கும் கார்ப்பரேட் கடையில் எடுத்தால் என்ன தவறு?" இதோடு நான் உடன்படவில்லை. நீதிபோதனை செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதை நான் பார்க்கிறேன்.

மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கிறார்கள். கணக்கு குறைந்தால் அதன் பெயர் ஷார்ட்டேஜ். அந்தப் பிரிவில் நின்ற பெண்கள் எல்லோர் சம்பளத்திலும் அது பிடிக்கப்படுகிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்ப்பவர்கள் இவர்கள். உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. இவர்களில் பெரும்பாலோர் தலித், பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் முதல் தலைமுறைச் சம்பளக்காரர்கள். முதலாளி இழப்பதில்லை. ஒரு ஏழைப் பெண் எடுத்ததை இன்னொரு ஏழைப் பெண் கட்டுகிறாள். அதனால்தான் வாடிக்கையாளரை அவள் அத்தனை கடுமையாகப் பார்க்கிறாள். 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமே, ஒருவரிடம் குறிப்பாக ஒப்படைக்கப்பட்ட பொருள் அவருடைய கவனக்குறைவால் தொலைந்தால் மட்டும்தான், அதுவும் விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம் என்றது. கூட்டமாகப் பிடித்தம் செய்வதற்கு அதில் இடமே இல்லை. கார்ப்பரேட்டை எதிர்க்க வேண்டுமென்றால் இந்தப் பிடித்தத்தை எதிர்ப்போம்.

எல்லாக் கடையும் கார்ப்பரேட் கடையும் அல்ல. நம் தெருவில் மகளிர் குழுக் கடன் வாங்கிப் பெட்டிக்கடை போட்ட அக்காவுக்கு இரண்டு கிலோ அரிசி போனால் அன்றைய லாபமே போய்விடும். அவருடைய கோபத்தை நாம் கொச்சைப்படுத்த முடியாது.

இப்போது நம்மைப் பற்றி. "எங்கள் ஆட்கள் திருட மாட்டார்கள், அது குறவர்கள் வேலை" என்று நம் தெருக்களிலேயே சொல்லிக் கேட்டிருக்கிறோம். அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொருவரும் தன் மேல் விழும் பழியைக் கீழே இருப்பவர் மேல் தள்ளிவிட முடிகிறது. ஜெய்பீம் படத்துக்குக் கைதட்டினோம். அதற்கு அடிப்படையான ராஜாக்கண்ணு, முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்தவர். 1993-இல் திருட்டுச் சந்தேகத்தில் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். நரிக்குறவர்களுக்கோ பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்ததே 2023-இல்தான். அதுவரை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புகூட அவர்களுக்கு இல்லை.

சரி, என்ன செய்யலாம்? ஐந்து விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று, படம் எடுக்காதீர்கள், வந்த படத்தைப் பகிராதீர்கள். குழுவில் போட்டவரிடம் நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு, கடையில் யாரையாவது பிடித்து வைத்திருந்தால் கடந்து போகாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். "பொருள் திரும்ப வந்துவிட்டதா? போலீசுக்குச் சொன்னீர்களா? இவர் வீட்டுக்குச் சொன்னீர்களா?" என்று கேளுங்கள். சாட்சி ஒருவர் நிற்கிறார் என்றாலே ஓங்கிய கை இறங்கும். அடி விழுந்தால் 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்த எண்களை இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

மூன்று, தெருக்கடையில் நடந்தால், எடுத்தவர், கடைக்காரர், இருவரும் நம்பும் ஒருவர் என மூன்று பேருக்குள் பேசி முடியுங்கள். பொருளோ விலையோ திரும்ப வரட்டும், முடியாதவர் தவணையில் கொடுக்கட்டும். ஊர்ப் பஞ்சாயத்து வேண்டாம். காலில் விழ வைப்பதும் அபராதம் போடுவதும் சாதியின் தண்டனைகள். அவற்றை நாம் கையில் எடுக்கக் கூடாது.

நான்கு, எடுத்த பொருளைப் பாருங்கள். பால் பவுடரா, நாப்கினா, அரிசியா? அப்படியானால் ரேஷன் அட்டை இருக்கிறதா, உதவித்தொகை நின்றுவிட்டதா என்று விசாரிப்பது நம் வேலை. திட்டமிட்டுக் கூட்டமாகத் திருடுபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் மேல் வழக்கு நடக்கட்டும். வழக்கு அந்த ஆள் மேல் நடக்கட்டும், அவருடைய சாதி மேல் வேண்டாம்.

ஐந்து, கடைப் பெண்களோடு பேசுங்கள். ஷார்ட்டேஜ் பிடித்தத்துக்கு எழுத்தில் கணக்குக் கேட்கவும், தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கவும், சங்கம் சேரவும் துணை நில்லுங்கள். அவர்களுடைய சம்பளம் பாதுகாப்பாக இருந்தால், வாசலில் நுழையும் ஒவ்வொரு துணிப்பையையும் பயத்தோடு பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்காது.

இதற்கெல்லாம் பெரிய அமைப்பு தேவையில்லை. இந்த அறையில் இருப்பவர்களே போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் தெருவில் ஒரு கடைக்காரரிடமாவது, கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடமாவது இதைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள். அவர்கள் சொல்லும் மறுப்புகளையும் கொண்டு வாருங்கள், அவற்றிலிருந்து மேலே பேசலாம்.