அம்மணி

பொள்ளாச்சிச் சந்தையில் தக்காளி விற்பவர் பாவாடை கட்டிய சின்னப் பெண்ணைப் பார்த்தும், "வாங்கம்மணி, என்ன வேணுமுங்க?" என்பார். அறுபது வயது அம்மாவுக்கும் அதே அம்மணிதான். கோவை வட்டாரத்தில் இது பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். பலருக்கு அதுவே பெயரும்கூட. திருவண்ணாமலைக் கோயிலின் வடக்குக் கோபுரம் 171 அடி உயரம். அதைக் கட்டி முடித்த பெண் துறவியின் பெயரால் இன்றும் அது அம்மணி அம்மன் கோபுரம்.

1967இல் அண்ணா முதல்வரான பிறகு, ஸ்ரீமதி, குமாரி போய் அரசுத் தாள்களில் திருமதியும் செல்வியும் வந்தன. நல்ல தமிழ்தான். ஆனால் எதை எழுதுவது என்று முடிவுசெய்ய, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. ஆணுக்கு வெறும் திரு போதும். அம்மணி அதைக் கேட்பதே இல்லை. கன்னிப்பெண், மனைவி, கணவனை இழந்தவர் எல்லாருக்கும் ஒன்றே. எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

ஆனால் இந்த மரியாதை எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கொங்குச் சீமையின் பண்ணையங்களில் களை எடுத்த, பருத்தி பொறுக்கிய தலித் பெண்களை, பண்ணையக்காரர் வீட்டுச் சிறுவர்கள் பேர் சொல்லி, 'வா, போ' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்களோ, பாட்டியானாலும், சிறுவனுக்கும் 'ங்க' போட்டார்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' அந்த உலகத்தைக் காட்டும் நாவல். அந்த 'வா, போ' எல்லாத் தோட்டங்களிலும் இன்னும் 'வாங்க, போங்க' ஆகிவிடவில்லை.