கிடைக்கவில்லை என்பதும் ஒரு விடை



நாயாற்றுக் கரையில் வளர்ந்த நாம் எல்லோரும் கறுப்பு மணலைக் கண்டிருக்கிறோம். அலை வெள்ளை மணலை இழுத்துச் செல்ல, பாரமான இல்மனைட் கரையில் கோடாகத் தங்கிவிடும். புல்மோட்டையில் அதைத்தான் பிரித்தெடுக்கிறார்கள். பாரமான, அரிதான ஒன்றைச் சாதாரணமானவற்றிலிருந்து பிரித்தறியும் வேலை ஜெனீவாவுக்கு அருகே, நிலத்தின் கீழுள்ள 27 கிலோமீற்றர் வளையத்திலும் நடக்கிறது. அங்கே தேடப்படுவனவற்றுள் ஒன்று, புதிய கனமான குவார்க்.

அணுக்கருவிலுள்ள புரோத்தனும் நியூத்திரனும் குவார்க்குகளால் ஆனவை. அறியப்பட்ட குவார்க்குகள் ஆறு வகை. ஆறாவதான ‘டொப்’ குவார்க் 1995இல் அமெரிக்காவின் ஃபேர்மி ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்டது. அதைக் கண்டறிந்த இரு குழுக்களில் ஒன்றில் மும்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தவரும் பங்குகொண்டனர். இந்தக் குவார்க்கின் திணிவு ஒரு தங்க அணுவின் திணிவை நெருங்குகிறது. தோன்றியவுடன் சிதைந்துவிடும், அது விட்டுச்செல்லும் துணிக்கைகளைக் கூட்டிப் பார்த்தே அது வந்துபோனதை அறிகிறார்கள்.

அதைவிடக் கனமான குவார்க் உண்டா? இருந்தால், 2012இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துணிக்கை ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது என்ற புதிருக்கு விளக்கம் கிடைக்கலாம். அதற்காகவே செர்ன் நிறுவனத்தில் அட்லஸ், சீ.எம்.எஸ். என்ற இரு பெருங்குழுக்கள் தேடுகின்றன. அங்கே புரோத்தன் கற்றைகள் செக்கனுக்கு 4 கோடி தடவை ஒன்றையொன்று ஊடறுக்கின்றன.

2015 டிசம்பரில் இரு குழுக்களின் வரைபுகளிலும் ஒரே இடத்தில் ஒரு சிறு மேடு தெரிந்தது. புதிய கனமான குவார்க்குகளையும் சேர்த்துப் பல விளக்கங்கள் எழுதப்பட்டன. 2016 ஓகஸ்டில், தரவு கூடியதும் மேடு மறைந்தது. தற்செயலாக அப்படித் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்றாகக் குறையும்வரை ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்லாத வழக்கம் இதற்காகத்தான்.

இன்றுவரை புதிய குவார்க் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் எழுதுவதில்லை. இன்ன வகையில் சிதைவதாயின், புரோத்தனின் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட ஒரு திணிவுவரை இல்லை. அதற்கு அப்பால் இன்னும் தேடவேண்டும் என்று எல்லையைக் குறித்தே எழுதுகிறார்கள்.

வைத்தியர்களாகிய எமக்கு இது புதிதல்ல. கசநோய்க்குச் சளியைப் பரிசோதிக்கும்போது, ஒரு மில்லிலீற்றரில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுணுக்குக்காட்டியில் தெரியவரும். கிருமி தெரியவில்லை என்ற அறிக்கை, நோய் இல்லை என்ற அறிக்கை அல்ல. இருமலும் மெலிவும் தொடர்ந்தால், அதைவிட நுட்பமான பரிசோதனைக்கு அனுப்பவேண்டும்.

எமது மண்ணில் தேடுதல் என்ற சொல்லுக்கு இன்னும் பாரம் கூட. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் வீதியோரம் இருந்தார்கள். 2023இல், அயல் ஊரான கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. யாரும் தேடிப் பார்த்திராத இடம் அது. ஒரு துணிக்கையைப் பற்றியே எங்கே தேடினோம், எதைக்கொண்டு தேடினோம், எதுவரை தேடினோம் என்று எழுதிவைக்கிறார்கள். மனிதரைத் தேடும்போது அதைவிடக் குறைவான கணக்கை நாம் ஏற்கமுடியாது.

2017இல் இலங்கையும் செர்ன் நிறுவனத்துடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எமது தங்கைமாருக்கு அந்தக் கதவு தூரமானதல்ல. போகவிரும்பும் பிள்ளைக்குப் புத்தகமும் வழிகாட்டலும் கொடுப்பது, எங்கெங்கோ வாழும் பழைய மாணவியராகிய எம் எல்லோருடைய கடமை. அவர்களுக்கு விடைகளோடு இந்த நேர்மையையும் கற்பிப்போம்.