மூப்பராகாதவரின் வாக்கு



திருச்சபை வழக்கொன்றை அரசியல் மேடையிற் பேசுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். வாக்குரிமை எங்குண்டோ அங்கே அரசியலும் உண்டு. சமயபோதனை செய்ய நான் வரவில்லை. ஓர் உடன்படிக்கையின் கதையைச் சொல்லவே வந்தேன்.

அமெரிக்காவிலே கொங்கிறிகேஷனல் சபையாரிடத்தில் ஒவ்வோர் ஊர்ச் சபையும் தனக்குத் தானே அதிகாரி. போதகரைத் தெரிவதும் தவறியவரைக் கண்டிப்பதும் அவ்வூர் உறுப்பினரின் வாக்கே. பிரெஸ்பிற்றேரியன் சபையாரிடத்திலோ ஊர்ச் சபை மூப்பரைத் தெரியும். மூப்பரும் போதகரும் கூடிய வட்டாரச் சங்கம், அதன்மேல் மாகாணச் சங்கம், அதற்கும்மேல் பொதுச் சங்கம் என அதிகாரம் படிப்படியாக ஏறும். விசுவாசத்தில் இருசாராரும் பெரும்பாலும் ஒன்றே. எவர் வாக்களிப்பது, எவர் தீர்ப்பது என்பதிலேயே வேற்றுமை.

நியூ யோர்க்கின் மேற்கிலும் ஒகாயோவிலும் காடுவெட்டிக் குடியேறிய கமக்காரருக்கு, ஓர் ஊரில் இரண்டு கோயிலும் இரண்டு போதகரும் வைத்துத் தாங்க வழியில்லை. ஆகவே 1801 இல் பிரெஸ்பிற்றேரியன் பொதுச் சங்கமும் கனெற்றிக்கட் கொங்கிறிகேஷனல் சங்கமும் ஓர் இணக்கத் திட்டத்தை ஏற்றன. அதன் ஒரு விதி சட்டம் படித்தவனாகிய என்னை மிகவும் கவர்ந்தது. இருசாராரும் கலந்த ஊரில் ஒரு நிலைக்குழு சபையை ஆளும். அக்குழுவாற் கண்டிக்கப்பட்டவர் பிரெஸ்பிற்றேரியன் எனின் வட்டாரச் சங்கத்துக்கு முறையிடலாம். கொங்கிறிகேஷனல் எனின் அவ்வூர்ச் சபையின் ஆண் உறுப்பினர் அனைவரிடமும் முறையிடலாம். (பெண்களுக்கு அங்கே குரலில்லை, அக்காலத்து நீதி அவ்வளவுதான்.) ஒரே ஊரில், அவரவர் முறைக்கேற்ற மேன்முறையீடு! அதுமட்டுமன்று, நிலைக்குழுவின் பிரதிநிதி ஒருவர், மூப்பராக நியமிக்கப்படாதவராயினும், வட்டாரச் சங்கத்தில் மூப்பரோடு சமனாக அமர்ந்து வாக்களிக்கலாம்.

பிணக்கு இங்கேதான் முளைத்தது. தம் ஊரிலே நமது சட்டத்துக்குக் கட்டுப்படாதவர், நம்மைக் கட்டுப்படுத்த வாக்களிப்பதா என்று பழைய கட்சியார் கேட்டனர். அக்கேள்வியில் நியாயமேயில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதனோடு இறையியற் சச்சரவும், மிஷன் சங்கங்களை யார் நடத்துவது என்ற போட்டியும், அடிமைமுறை பற்றிய கசப்பும் சேர்ந்திருந்தன.

1837 இல் பிலடெல்பியாவிற் கூடிய பொதுச் சங்கத்தில் பழைய கட்சிக்குப் பெரும்பான்மை கிட்டியது. திட்டம் 143 க்கு 110 வாக்குகளால் நீக்கப்பட்டது. அத்தோடு நின்றார்களா? இல்லை. திட்டத்தின்கீழ் உருவானது என்று கூறி வெஸ்டேர்ண் ரிசேர்வ் மாகாணச் சங்கத்தை 132 க்கு 105 வாக்குகளால் வெளியேற்றினர். பின்னர் யூற்றிக்கா, ஜெனீவா, ஜெனசீ சங்கங்களும் அவ்வழியே போயின. சுமார் 500 போதகரும் 60,000 உறுப்பினரும் ஒரே கூட்டத் தொடரிற் சபைக்குப் புறம்பாயினர். குற்றச்சாட்டில்லை, விசாரணையில்லை. மூப்பரை முறைப்படி தெரிந்த சபைகளும் அவர்களுள் இருந்தன!

அடுத்த ஆண்டு அவர்களின் பிரதிநிதிகள் வந்தபோது பெயர்ப் பட்டியலிற் சேர்க்கப்படவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1839 இல் ஜூரிமார் புதிய கட்சியின் பக்கம் தீர்ப்பளித்தனர். ஆனால் பென்சில்வேனியா உயர்மன்றத்தின் பிரதம நீதியரசர் கிப்சன் அதனைத் தள்ளி மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டார். அவர் கண்ட நியாயம் யாதெனில், 1801 ஆம் ஆண்டுத் திட்டம் ஒப்பந்தமன்று, பொதுச் சங்கம் இயற்றிய விதியே, இயற்றியவர் நீக்கலாம். வெளியேற்றமும் தண்டனையன்று, சட்டவாக்கமே. ஆதலால் விசாரணை வேண்டியதில்லை.

கிப்சன் பெரிய நீதிமான். ஆயினும் இத்தீர்ப்பு என் மனதுக்கு ஒப்பவில்லை. இருவர் கூடிச் செய்ததை ஒருவர் தனித்து நீக்குவதற்கு, அதனை விதி என்று பெயர் மாற்றினாற் போதுமா? இனிமேல் இவ்வாறு எவரையும் சேர்க்கமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமையுண்டு. முப்பத்தாறு ஆண்டு கூட அமர்த்தி, அவர்கள் வாக்கையும் எண்ணிக் கருமங்களை நடத்திவிட்டு, நீங்கள் உள்ளே வந்ததேயில்லை என்பது வேறு.

1852 இல் ஆல்பனியிற் கூடிய கொங்கிறிகேஷனல் சபையாரும் திட்டத்தைக் கைவிட்டனர். தம் சபைகள் பல மறுபக்கம் சாய்ந்துவிட்டன என்பது அவர்கள் குறை.

யாழ்ப்பாணத்துக்கு 1816 இல் வந்த அமெரிக்க மிஷன், கொங்கிறிகேஷனல் சபையார் 1810 இல் நிறுவிப் பிரெஸ்பிற்றேரியரும் சேர்ந்து நடத்திய சங்கத்தினுடையது. 1837 இல் பழைய கட்சியார் பிரிந்து தமக்கென வேறு மிஷன் சபை அமைத்தனர். புதிய கட்சியார் பழைய சங்கத்தோடே நின்றனர். 1908 இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இவ்விரு முறையாரும் ஒன்றாயினர். யாழ்ப்பாணத்துச் சபைகளும் அதிற் சேர்ந்தன.