நாயாற்றுப் படகுக்கும் ஓர் ஆய்வுகூடம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கப்பல் கட்டுதல், கடற்பாதுகாப்பு, கடற்சூழல் பேணல் ஆகிய மூன்று துறைகளிலும் நடைபெறும் ஆய்வுகள் பற்றிப் பேசுமாறு சங்கம் எங்களைக் கேட்டது. இந்த உரையை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம். ஒருவர் இயந்திரப் பொறியியல் படித்தவர், ஒருவர் கடற்றொழில் விஞ்ஞானம் படித்தவர், மற்றவர் இரசாயனம் கற்பிப்பவர். உலகத்து ஆய்வுகளையெல்லாம் பட்டியலிட்டுச் சொல்வதைவிட, நமக்குத் தெரிந்த ஒரு கரையில் நின்று அவற்றைப் பார்ப்பது நல்லது என்று மூவருக்கும் பட்டது. அந்தக் கரை நாயாறு.

நெடுங்காலமாக ஊர்ப்பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறோம். முல்லைத்தீவிலிருந்து தெற்கே கொக்கிளாய்ப் பக்கம் போகும் வீதியில் செம்மலையைத் தாண்டினால் நாயாறு வரும். ஒரு பக்கம் நீரேரி, மறுபக்கம் வங்கக் கடல். மாரி வெள்ளம் தொடுவாயை உடைத்துக் கடலோடு சேரும்; கோடையில் மணல் வந்து அதை மூடிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சிலாபம், நீர்கொழும்புப் பக்கங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து வாடி அமைப்பார்கள். கப்பல் அணையும் துறைமுகம் அங்கே இல்லை. பெரும்பாலான படகுகளை அலை உடையும் மணற்கரையிலிருந்துதான் தள்ளி இறக்கவேண்டும். திரும்பி வந்ததும் அதே மணலில்தான் இழுத்து ஏற்றவேண்டும்.

அந்தப் படகு ஆறேழு மீற்றர் நீளமானது. கண்ணாடிநாரும் பொலியெஸ்டர்ப் பிசினும் சேர்த்து வார்த்தது. பின்னால் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு வெளியிணைப்பு இயந்திரம், உள்ளே வலையும் இரண்டு மூன்று பேரும். நாங்கள் சொல்ல வந்ததும் இந்தப் படகைப் பற்றித்தான். கடல் பற்றிய ஆய்வும் சட்டமும் பெரும்பாலும் பெரிய கப்பலைச் சுற்றியே வளர்ந்துள்ளன. உயிரைப் பணயம் வைத்து நாள்தோறும் கடலுக்குப் போகிறவர்களோ சிறுபடகில் இருக்கிறார்கள்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பின்னர், 1914இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச உடன்படிக்கை உருவானது. அதன் வழிவந்த இன்றைய உடன்படிக்கையின் பெரும்பாலான விதிகள் மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தா. மீன்பிடிக் கலங்களுக்கென 1977இல் டொரெமொலினோஸிலும், அதைத் திருத்தி 2012இல் கேப் டவுனிலும் செய்த ஏற்பாடுகள் 24 மீற்றரும் அதற்கு மேலும் நீளமான கலங்களுக்கே உரியவை. நாயாற்றுப் படகு அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சிறுபடகுகளுக்கான பரிந்துரைகளை ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் வேறு இரு சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து வகுத்துள்ளன. ஆனால் அவை கட்டாயமானவை அல்ல. இதற்கிடையில், உலகில் ஆண்டுதோறும் 1,00,000க்கும் மேற்பட்டோர் மீன்பிடித் தொழிலில் இறப்பதாக 2022இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கலம் கட்டுவது நமக்குப் புதிய வித்தை அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்ததை நம்மில் பலர் அறிவோம். 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் ‘சீனோர்’ திட்டம் காரைநகரில் கண்ணாடிநார்ப் படகு கட்டத் தொடங்கியது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உணவு விவசாய நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், நாயாறு போன்ற திறந்த கரைகளுக்கென்றே படகுகளை வடிவமைத்துப் பரிசோதித்தது. கரையை நெருங்கும்போது சுழலி மணலில் இடிபடாமல் மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய சிறிய டீசல் இயந்திர அமைப்பு அந்த ஆய்வில் பிறந்த ஒன்று. சிறுபடகைப் பற்றியும் உயர்ந்த பொறியியல் செய்யலாம் என்பதற்கு அது சான்று.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிலைமை வேறாயிற்று. இழந்த படகுகளுக்குப் பதிலாக ஏராளமான படகுகளை அவசரம் அவசரமாக வார்த்தார்கள். உதவும் மனம் நிறைய இருந்தது. தரம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கவில்லை. நார் அடுக்குகளில் பிசின் சரியாக ஊறாத படகும் புதிதாக இருக்கும்போது பளபளவென்றுதான் இருக்கும். சில ஆண்டு வெயிலும் உப்பும் கண்ட பிறகே அடுக்குகள் பிரியும். இயந்திரம் பூட்டும் பின்பலகைக்குள் நீர் புகுந்து உள்ளிருக்கும் பலகை உக்கும். வெளியே பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது.

கொழும்பு கப்பல் கட்டும் தளம், மின்கலமும் டீசலும் சேர்ந்து இயங்கும் சரக்குக் கப்பல்களை நோர்வே நிறுவனமொன்றுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது. நாட்டுக்கு அது பெருமை. அதே நாட்டில் 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, சிறுபடகுக்காரருக்கு மாற்றாக எடுத்துக் கொடுக்க எவரிடமும் எதுவும் இருக்கவில்லை.

பாதுகாப்புக்கு வருவோம். மரக் கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். கண்ணாடிநாரோ தண்ணீரைவிட அடர்த்தி கூடியது; உள்ளே நீர் நிறைந்தால் தானாக மிதக்காது. அதனால்தான் இருக்கைகளுக்கு அடியிலும் தளத்துக்கு அடியிலும் நுரைப்பொருள் நிரப்புகிறார்கள். எவ்வளவு நுரை வேண்டும்? க.பொ.த. சாதாரண தர மாணவி போடக்கூடிய கணக்கு இது. 300 கிலோகிராம் நிறையுள்ள கண்ணாடிநார் ஓடு, நீருக்குள் ஏறத்தாழ 100 கிலோகிராம் சுமையாகவே கீழே இழுக்கும். இயந்திரத்துக்கு ஒரு 40 கிலோகிராம் சேர்ப்போம். நீர் நிறைந்த படகில் இடுப்பளவு நீரில் மூவர் அமர்ந்திருந்தால் இன்னும் 120. வலைக்கும் கொஞ்சம் விட்டால் மொத்தம் 300க்குச் சற்றுக் குறைவாக வரும். நல்ல நுரை 100 லீற்றர் ஏறத்தாழ 100 கிலோகிராமைத் தாங்கும். ஆகவே 300 லீற்றர் நுரை இருந்தால் அந்த மூவரும் படகோடு மிதப்பார்கள். அந்த நுரை ஆண்டுக்கணக்கில் நீரை உறிஞ்சி ஊறிப்போயிருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நீரேரியின் ஆழம் குறைந்த இடத்தில் படகை நிறுத்தி, நீரை நிரப்பி, ஆட்களை ஏற்றிப் பார்த்தால் போதும். மிதக்கிறதா, சமமாக மிதக்கிறதா, இயந்திரப் பக்கம் அமிழ்கிறதா என்று கண்ணாலேயே காணலாம். உயிர்காப்பு அங்கியும் அப்படித்தான். வெயிலில் வேகும், வலை இழுக்கும்போது சிக்கும் என்று தொழிலாளர் சொல்வது சாட்டு அல்ல. வலை இழுப்பவரின் உடலுக்கும் நம் வெயிலுக்கும் ஏற்ற அங்கி ஒன்றை வடிவமைக்கவேண்டியிருக்கிறது.

ஒரு சிறுபடகு பத்திரமாக இருந்தால் அதிலுள்ளவர் மட்டும் தப்புவதில்லை. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு முள்ளிவாய்க்கால் கரைக்கு அப்பால் தத்தளித்த கலத்தை முதலில் கண்டு உதவிக்குப் போனவர்கள் அவ்வூர் மீனவர்களே. பெரிய கப்பல் வரும்வரை அந்தக் கடலில் மீட்புப் படகும் அவர்களுடைய படகுதான்.

மூன்றாவது, சூழல். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் இந்தியாவின் பரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்த ‘நியூ டயமண்ட்’ நமது கிழக்குக் கடலில் தீப்பற்றியது. கப்பல் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். எண்ணெய்த் தாங்கிகள் தப்பியதால் கரையும் தப்பியது. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ தீப்பற்றியபோது அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் கட்டி முடித்த கப்பல் அது. கொள்கலனொன்றிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிவது தீப்பற்றுவதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. மேற்குக் கரையில் மணிகள் குவிந்தன. ஆமைகளும் டொல்பின்களும் இறந்து ஒதுங்கின. மீன்பிடிக்குத் தடை வந்தது. 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு நமது உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில்தான். அதற்கு இரண்டு மாதம் முன்னர், மே 25இல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ கப்பலின் மணிகள், சில வாரங்களில் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் ஒதுங்கின. எங்கோ ஒரு கப்பலில் நேர்ந்த கவனக்குறைவு இங்கே ஒருவருடைய வலையில் வந்து சேர்கிறது.

அதேவேளை நமது படகும் கடலுக்குச் சுத்தமான விருந்தாளி அல்ல. ஈரடிப்பு இயந்திரம் எரிபொருளிலும் எண்ணெயிலும் ஒரு பகுதியை எரிக்காமலே நீரில் விடுகிறது. ஆயுள் முடிந்த கண்ணாடிநார்ப் படகு உக்காது, எரித்தால் நச்சுப்புகை, விட்டுவிட்டால் துகள்துகளாக மணலில் கலக்கும். பிரான்சில் வாழும் நம் சகோதரிகள் ஒன்றை அறிந்திருக்கலாம். அங்கே 2019 முதல், புதிய உல்லாசப் படகுகளின் விற்பனையிலிருந்து பெறும் ஒரு தொகையைக் கொண்டு பழைய படகுகளைப் பிரித்து அகற்றும் ஏற்பாடு இருக்கிறது. நமது கரைகளில் கிடக்கும் பழைய ஓடுகளை எண்ணிப் பார்ப்பதிலிருந்தாவது நாம் தொடங்கலாமே.

ஆகவே, நூற்றாண்டை ஒட்டி மூன்று சிறிய ஆய்வு முயற்சிகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று, தொழிலாளர் சங்கங்களின் சம்மதத்தோடு, வெவ்வேறு வயதுடைய பத்துப் படகுகளை நீர் நிரப்பிப் பரிசோதித்து, கிடைக்கும் முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் எழுதி வாடிகளில் ஒட்டுவது. நாயாற்றுக் கடலில் இரு மொழி பேசுவோரும் தொழில் செய்கிறார்கள். அலை மொழி பார்ப்பதில்லை.

இரண்டு, உயர்தர விஞ்ஞான மாணவிகள் மாதம் ஒருமுறை குறித்த இடங்களில் ஒரு சதுர மீற்றர் மணலைச் சலித்து, பிளாஸ்டிக் மணிகளையும் நார்த் துகள்களையும் எண்ணிப் பதிவது. அடுத்த கப்பல் விபத்து நேரும்போது, அதற்கு முன்னர் கரை எப்படி இருந்தது என்று காட்ட அந்தப் பதிவு உதவும். இழப்பீடு கேட்பவரின் கையில் முன்னைய நிலையின் பதிவு இல்லாவிட்டால் வழக்கு பலவீனப்படும். நாரா நிறுவனத்திடமும் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபையிடமும் முறையைக் கேட்டுச் செய்தால் அந்த எண்களுக்கு மதிப்பும் இருக்கும்.

மூன்று, வெளிநாடுகளில் கப்பல் வடிவமைப்பு, பிசின் இரசாயனம், மின்கலம், காப்புறுதி, கடற்சட்டம் ஆகியவற்றில் பணிபுரியும் பழைய மாணவிகளின் பெயர்களைத் திரட்டுவது. உங்களிடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. இங்கிருந்து ஒரு மாணவி கேள்வி எழுதினால் பதில் எழுதுங்கள். ஆண்டில் சில மணித்தியாலம் போதும்.

உலகக் கப்பற் பணியாளரில் பெண்கள் 1.2 வீதம் மட்டுமே என்று 2021இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று கூறியது. கரையில் நிலைமை வேறு. மீனைத் தரம் பிரிப்பதும், கருவாடு போடுவதும், கடன் கணக்குப் பார்ப்பதும், படகு திரும்பாத நாளில் கரையில் நின்று வழி பார்ப்பதும் பெண்கள்தான். போரில் ஆண்துணையை இழந்த பல வீடுகளில் கடலுக்குப் போக எஞ்சியிருப்பவர் ஒரு மகன் மட்டுமே. அந்த வீட்டுத் தாய்க்கு, படகில் 300 லீற்றர் நுரை சரியாக இருக்கிறதா என்பதைவிடப் பெரிய ஆராய்ச்சிக் கேள்வி எது?

கணக்கும் பௌதிகமும் இரசாயனமும் பெண் பிள்ளைகளுக்கு எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில், இந்தக் கல்லூரி அவற்றை நமக்குக் கற்றுத் தந்தது. அந்தக் கல்வியை நாயாற்றுக் கரைக்குக் கொண்டுபோவோம். சலிப்பதற்கான அரிதட்டும் எண்ணுவதற்கான பதிவேடும் வருகிற தவணைக்கு முன் வாங்கிவிடலாம். படகுப் பரிசோதனைக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதத்தைத் தொழிலாளரே சொல்வார்கள். வர விரும்புவோர் உங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.