அறிவுரைத்தவர் சான்றாளரான வரலாறு

(நாகர்கோவிலில் தமிழுணர்வாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாஞ்சில் மண்ணில் நின்றுகொண்டு ஈழத்துப் பேராசிரியர் ஒருவரைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் எண்ணலாம். என் பாட்டனார்க்குத் தம் வயலின் ஆவணத்தைப் படிக்கத் தெரியாது. அவர் எழுத்தறியாதவர் அல்லர், தேவாரம் ஓதியவர். ஆவணம் மலையாளத்தில் இருந்தது, அவ்வளவே. 1954 ஆகசுட்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டு மாண்ட தமிழர்களின் ஈகத்தாலும், நேசமணி முதலிய தலைவர்களின் உழைப்பாலும், 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன.

அதே 1956இல் கடலுக்கு அப்பால் நடந்தது என்ன? சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றினர். ஒரே ஆண்டு, இங்கே சட்டம் மொழிக்கு வழிவிட்டது, அங்கே சட்டமே மொழியை வெட்டியது. தில்லியின் அருளால் நமக்கு வழி திறக்கவில்லை, போராடித் திறந்தோம். ஆயினும் திறப்பதற்கு ஒரு வாயில் இருந்தது. மாநில எல்லையை மாற்ற அரசியலமைப்பில் இடம் இருந்தது. இலங்கையின் ஒற்றையாட்சியில் அவ்வாயில் இல்லை. இவ்வேறுபாட்டை ஆய்வதே அரசறிவியல். அத்துறைக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்த தமிழர் பேராசிரியர் செயரத்தினம் வில்சன்.

1928இல் பிறந்த அவர் இலண்டனில் பொருளியல் அரசறிவியல் கல்லூரியில் ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பேராதனையில் அரசறிவியல் துறையின் முதற் பேராசிரியராக உயர்ந்தார். தந்தை செல்வா என்று ஈழத்தமிழர் போற்றும் செல்வநாயகத்தின் மகளை மணந்தார். மாமனார் மேடையில் கேட்ட கூட்டாட்சியை, மருமகனார் நூலகத்தில் ஆராய்ந்தார்.

1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. ஓரினத்துக்கு மட்டும் கேடு விளைக்கும் சட்டம் இயற்றலாகாது என்று முன்னைய அமைப்பின் 29ஆம் பிரிவில் இருந்த காப்பும் அதனோடு போயிற்று. அவ்வாண்டே வில்சன் கனடா சென்று நியூ பிரன்சுவிக்குப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கிருந்தும் அவர் எழுதியவை பெரிதும் ஈழத்தைப் பற்றியனவே.

இனி நாம் உற்று நோக்க வேண்டிய இடம். 1978இல் செயவர்த்தனா பேரதிகாரம் கொண்ட குடியரசுத் தலைவரானார். வில்சன் அவருக்கு அறிவுரைஞராகவும், அவர்க்கும் தமிழர் தலைவர்களுக்கும் இடையே தூதராகவும் இயங்கினார். தமிழர்க்குத் தன்னாட்சியின் ஒரு கூறேனும் கிட்டும் என நம்பினார். மாவட்ட வளர்ச்சி மன்றங்கள் வந்தன. அவற்றுக்கு 1981இல் யாழ்ப்பாணத்தில் தேர்தல் நடக்கவிருந்த நாள்களிலேயே யாழ் நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 சூலையில் தமிழர் படுகொலை நிகழ்ந்தது. தூதும் அதனோடு முடிந்தது.

பகைவர் அவையில் ஏன் அமர்ந்தார் என்று அவரைக் கடிந்தோர் உண்டு. அக்கடிதலில் பொருளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பின்பு அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். தம் நம்பிக்கை தோற்றதை மறைத்திருக்கலாம். ஓய்வூதியத்தோடு வாளா இருந்திருக்கலாம். அவர் எழுதினார். இலங்கையின் உடைவு என்று பொருள்படும் தலைப்பில் 1988இல் ஒரு நூல். 1994இல் செல்வநாயகத்தின் வரலாறு. 2000இல் ஈழத்தமிழர் தேசியம் பற்றிய நூல். அவ்வாண்டே தொராண்டோவில் மறைந்தார். பிரிவினை பேசியவர் ஒருவர் உடைவு என்று எழுதியிருந்தால் உலகம் புறந்தள்ளியிருக்கும். உள்ளிருந்து ஒட்டவைக்க முயன்றவரே எழுதினார். ஆதலின் அது சான்றாயிற்று.

இடித்துரைப்பாரைப் பெறாத அரசு கெடும் என்பது வள்ளுவர் நெறி. இடித்துரைத்தும் கேளாத அரசுக்கு எதிரே அறிஞனுக்குள்ள கடமை, நடந்ததை நடந்தவாறு எழுதி வைப்பது. வில்சன் அதனை ஆங்கிலத்தில் செய்தார். உலகம் படிக்க அது வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் படிக்க அது தமிழில் வேண்டும். ஒற்றையாட்சி, கூட்டாட்சி, இறையாண்மை, தன்னாட்சி என்பன மேடைச் சொற்களாக மட்டும் இருந்தால் கைதட்டலோடு கரைந்துவிடும். அவை பாடச் சொற்களாக வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களே! மருத்துவமும் பொறியியலும் பயில்வது நன்று. உங்களுள் பத்துப் பேராவது அரசறிவியல் பயிலுங்கள். பயின்றதைத் தமிழில் எழுதுங்கள். தம் வயலின் ஆவணத்தைப் படிக்க அண்டை வீட்டாரை நாடிய பாட்டனாரின் நிலை, நம்மை ஆளும் சட்டத்தைப் படிப்பதில் உங்களுக்கு வரலாகாது.

வெல்க தமிழ்!